கூவி விற்கும் தொழிலும் கொள்ளைநோயும்

கொரோனா காலம் சமூக ஊடக விற்பனையை எவ்வாறு மாற்றியது என்பதை அறிய விரும்புவோர் சீனாவின் நேரலை வணிகத்தைப் பாராமல் கடந்துவிட முடியாது. விற்பவர் கைப்பேசிக் கேமராவின் முன் பொருளைக் காட்டிப் பேச, பார்ப்பவர் அதே திரையில் கேள்வி எழுதிக் கேட்டு, பிடித்திருந்தால் அங்கேயே பணம் செலுத்தி வாங்கிவிடும் முறையே நேரலை வணிகம் எனப்படுகிறது. இது 2020இல் பிறந்த தொழிலன்று; அப்போதே அதற்கு நான்கு வயதாகியிருந்தது. சந்தை வாசலில் கூவி விற்பவருக்குக் கிடைக்கும் அளவு மதிப்பே பெற்றிருந்த அத்தொழிலுக்குக் கொள்ளைநோய் அரசின் முத்திரையைப் பெற்றுத் தந்தது. அம்முத்திரையின் பின்னாலேயே அரசின் பிடியும் வந்தது.

நோய்க்கும் இணைய வணிகத்துக்கும் சீனாவில் இருந்த தொடர்பு இன்னும் பழையது. 2003இல் சார்ஸ் நோய் பரவியபோது, குவாங்சோ நகரின் வணிகக் கண்காட்சிக்குச் சென்று திரும்பிய அலிபாபா ஊழியர் ஒருவருக்கு நோய் கண்டதால், ஹாங்சோ நகரில் இருந்த அந்நிறுவனத்தார் வீடுகளில் முடக்கப்பட்டனர். அவர்கள் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த மே மாதத்தின் 10ஆம் நாள் தாவ்பாவ் என்னும் விற்பனைத் தளம் திறக்கப்பட்டது. பெய்ஜிங்கில் ஒரு சிறு கடையில் தொடங்கி 12 கடைகள்வரை வளர்ந்திருந்த லியூ சியாங்டோங், அவற்றை மூட நேர்ந்தபின் தேங்கிய சரக்கை இணைய மன்றங்களில் எழுதி விற்கத் தொடங்கினார். மறு ஆண்டு அவர் திறந்த இணையக் கடையே பிற்பாடு ஜேடி நிறுவனமாக வளர்ந்தது. ஆயினும் சார்ஸ் காலம் தந்தது எழுத்தும் படமும் உடைய கடைதான். முகமும் குரலும் உடைய கடைக்கு மேலும் 13 ஆண்டுகள் ஆயின.

தாவ்பாவ் தன் நேரலைப் பிரிவை 2016இல் தொடங்கியது. அதில் பெரும்புகழ் பெற்ற இருவரும் விளம்பரத் துறையிலிருந்து வரவில்லை, கடை மேடையிலிருந்து வந்தனர். லி ஜியாச்சி நான்சாங் நகரில் லோரியல் அழகுப்பொருள் விற்பனைப் பணியாளராக இருந்தவர். வியா என்ற பெயரில் அறியப்பட்டவர் துணிக்கடை நடத்தியவர். உதட்டுச்சாயத்தைத் தன் உதட்டிலேயே பூசிக் காட்டி, 'வாங்குங்கள்' என்று உரத்த குரலில் ஏவும் லியின் பாணி நாடெங்கும் பரவியது. நேரலை அறையின் இயக்கமும் அவர்கள் காலத்தில்தான் உருப்பெற்றது. வளைய விளக்கின் ஒளியில் அமர்ந்திருக்கும் விற்பனையாளர் பொருளின் கடை விலையையும் தம் விலையையும் அடுத்தடுத்துச் சொல்வார். மூன்று, இரண்டு, ஒன்று என எண்ணி முடிக்கும் நொடியில் உதவியாளர் வாங்கும் இணைப்பைத் திரையில் ஏற்றுவார். சில நொடிகளில் இருப்பு தீர்ந்ததென அறிவிப்பு வரும். விற்பனையாளர் கேமராவுக்கு அப்பால் இருப்பவரிடம் இன்னும் கொஞ்சம் போடும்படி கெஞ்சுவார். இருப்பைத் தவணை தவணையாகத் திறந்துவிடுவது தட்டுப்பாட்டை நடித்துக் காட்டும் உத்தியாகும். திருவிழாக் கடைக்காரர் எவருக்கும் இது புதிதாகத் தோன்றாது.

2020 ஜனவரி 23 அன்று, கொரோனா முதலில் பரவிய வூஹான் நகரம் அடைக்கப்பட்டதும் நாடெங்கும் கடைகள் மூடின. லின் சிங்சுவான் என்னும் அழகுப்பொருள் நிறுவனத்தின் கடை வருவாய் ஏறத்தாழ 90 விழுக்காடு வீழ்ந்ததால், அதன் கடைப் பணியாளர்கள் வீட்டிலிருந்தபடியே நேரலையில் விற்கலாயினர். நிறுவனரும் கேமராவின் முன் அமர்ந்தார். டிரிப்.காம் பயண நிறுவனத்தின் தலைவர் லியாங் ஜியான்சாங், பழங்கால உடைகளை அணிந்து, பின்னர் விரும்பியபோது பயன்படுத்தும் உரிமையுள்ள விடுதிச் சீட்டுகளை விற்றார். அதுவரை கடைப் பணியாளருக்கு உரியதாக இருந்த வேலையை முதலாளிகளே செய்ய நேர்ந்ததுதான் அந்த வசந்த காலத்தின் மெய்யான புதுமை.

ஏப்ரலில் இது உச்சத்தை எட்டியது. ஏப்ரல் 1 அன்று, கைப்பேசித் தொழிலில் நொடித்துக் கடன்பட்டிருந்த லுவோ யோங்ஹாவ் டோயின் தளத்தில் (டிக்டாக்கின் சீன வடிவம் இது) முதன்முறையாகத் தோன்றி ஒரே இரவில் 11 கோடி யுவானுக்கு மேல் விற்றார். அதே நாளில் வியா, வூஹானைச் சேர்ந்த நிறுவனம் ஒன்றின் ராக்கெட் ஏவும் சேவையை 4 கோடி யுவானுக்கு விற்பனைக்கு வைத்தார். ஏப்ரல் 6 அன்று சீன மத்தியத் தொலைக்காட்சியின் செய்தி அறிவிப்பாளர் ஜூ குவாங்சுவானும் லி ஜியாச்சியும் இணைந்து, நோயால் முடங்கிய ஹுபே மாநிலத்தின் பொருள்களை விற்றனர். அம்மாநிலத் தலைநகரான வூஹானின் காலை உணவான நூடுல்ஸ் அவற்றில் ஒன்று. அரசுத் தொலைக்காட்சியின் செய்தி முகமும் உதட்டுச்சாயம் விற்பவரும் ஒரே திரையில் சமமாகத் தோன்றிய அந்நிகழ்ச்சி, ராக்கெட் விற்பனையைவிட வரலாற்று முக்கியத்துவம் உடையது எனலாம். ஏப்ரல் 20 அன்று சீன அதிபர் ஷி ஜின்பிங் ஷான்சி மாநிலத்தின் ஜாஷுயி வட்டத்துக்குச் சென்று, அங்கு விளையும் கருங்காளானை நேரலையில் விற்கும் கிராமத்தாரைக் கண்டு பாராட்டினார். வட்ட ஆட்சி அலுவலர்கள் தத்தம் ஊர் விளைபொருளை ஏந்திக் கேமரா முன் நிற்பது அதன்பின் கடமைபோல் ஆயிற்று. அவ்வாண்டின் இறுதியில் சின்ஜியாங்கின் ஜாவ்சு வட்டத் துணைத் தலைவியான அதிகாரி ஒருவர், பனிவெளியில் செந்நிறப் போர்வையுடன் குதிரை ஓட்டும் காணொளியால் நாடறிந்தவரானார்.

ஜூலையில் மனிதவளத் துறை அமைச்சகம் புதிய தொழில்களின் பட்டியலை வெளியிட்டபோது, இணைய விற்பனையாளர் என்ற தொழிலும் அதன்கீழ் நேரலை விற்பனையாளர் என்ற பிரிவும் அதில் இடம்பெற்றன. சீன இணைய மையத்தின் கணக்கில் நேரலையில் பொருள் வாங்குவோர் 2020 மார்ச்சில் 26.5 கோடியாக இருந்து டிசம்பரில் 38.8 கோடியாக உயர்ந்தனர்.

எனினும் முகமே பொருளை விற்றது என்ற கூற்றை அப்படியே ஏற்பதற்கில்லை. குளிர்சாதனக் கருவிகள் செய்யும் கிரீ நிறுவனத்தின் தலைவி டோங் மிங்ஜூ, ஏப்ரல் 24 அன்று நடத்திய முதல் நேரலை, காட்சி அடிக்கடி உறைந்து நின்றதால் சுமார் 2.3 லட்சம் யுவான் விற்பனையோடு தோற்றது. மே 10 அன்று நடத்திய அடுத்த நேரலையில் விற்பனை 31 கோடி யுவான். இடைப்பட்ட இரு வாரங்களில் அவரது பேச்சுத்திறன் ஆயிரம் மடங்கு வளர்ந்துவிடவில்லை. கிரீயின் முகவர்கள் ஆளுக்கொரு கியூஆர் குறியீட்டைக் கொண்டு தத்தம் வாடிக்கையாளர்களை அறைக்கு அழைத்து வந்தனர். எவர் குறியீட்டின் வழி வந்தவர் வாங்கினாரோ அந்த முகவருக்குப் பங்கு சேர்ந்தது. ஆக, புதிய திரைக்குப் பின்னால் பழைய முகவர் வலையமைப்பே உழைத்தது.

பெரிய விற்பனையாளர்களின் வருவாய் இருவகைப்பட்டது: தம் நிகழ்ச்சியில் பொருளுக்கு இடம் தருவதற்காக முன்கூட்டியே வாங்கும் இடக்கட்டணம் ஒன்று, விற்ற தொகையில் பெறும் கமிஷன் மற்றொன்று. இணையம் முழுவதிலும் தம் அறையில்தான் விலை மிகக் குறைவு என்ற உறுதியே அவர்களது மூலதனம். 2021 நவம்பரில் அந்த மூலதனம் ஆட்டம் கண்டது. லி, வியா இருவரும் ஆண்டின் மிகக் குறைந்த விலை என்று சொல்லி 429 யுவானுக்கு விற்ற 50 முகப்பூச்சு உறைகளை, லோரியல் தன் சொந்த நேரலை அறையில் தள்ளுபடிச் சீட்டுகளுடன் 257.7 யுவானுக்குக் கொடுத்தது தெரியவந்ததும், இருவரும் அந்நிறுவனத்துடனான ஒத்துழைப்பை நிறுத்திவைத்தனர். நிறுவனங்கள் கடன் வாங்கிய முகத்தை விட்டுத் தம் பணியாளரையே கேமரா முன் அமர்த்தும் போக்கு அதற்குப்பின் வலுத்தது.

அரசின் கை அதற்கு முன்பே நீண்டிருந்தது. குவாய்ஷோ என்னும் காணொளித் தளத்தின் விற்பனையாளர் சிம்பா 2020இல் விற்ற பறவைக்கூட்டு உணவு வெறும் சர்க்கரைநீர் எனத் தெரிந்தபோது அவரது நிறுவனம் 9 லட்சம் யுவான் தண்டம் கட்டியது. 2021 மே 25 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் 16 வயது நிறையாதவர் நேரலையில் விற்பதைத் தடுத்தன. 2021 டிசம்பர் 20 அன்று வரி ஏய்ப்புக்காக வியாமீது வரியும் தண்டமுமாக 134 கோடி யுவான் விதிக்கப்பட்டது. அவரது கணக்குகள் அனைத்தும் இணையத்திலிருந்து மறைந்தன. 2022 ஜூன் 3 மாலை லியின் நேரலையில் பீரங்கி வண்டியின் வடிவில் ஐஸ்கிரீம் ஒன்று காட்டப்பட்டது. பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கப் போராட்டத்தைப் பீரங்கி வண்டிகளுடன் வந்த படை ஒடுக்கிய நிகழ்வின் ஆண்டு நாளுக்கு முந்திய மாலை அது. ஒளிபரப்பு இடையில் நின்றது. செப்டம்பர்வரை அவர் திரையில் தோன்றவில்லை.

அவ்விடைவெளியில் மேலெழுந்தவர்கள் ஆசிரியர்கள். தனிப்பயிற்சித் தொழிலை அரசு 2021 ஜூலையில் முடக்கியதால் பல்லாயிரவரை வேலைநீக்கம் செய்ய நேர்ந்த நியூ ஓரியண்டல் நிறுவனம், எஞ்சிய ஆசிரியர்களை வேளாண் பொருள் விற்க அமர்த்தியது. அவர்களுள் ஒருவரான டோங் யூஹுய், சிறு வெண்பலகையில் ஆங்கிலச் சொற்களை எழுதி, வரலாறும் இலக்கியமும் பேசியபடி அரிசியும் இறைச்சியும் விற்றது 2022 ஜூனில் பெரும் வரவேற்பைப் பெற்றது. கூவாமலும் விற்கலாம் என்பதற்கு அதுவே முதற்பெரும் சான்று.

நேரலை விற்பனை முறை நாடு கடந்தபோது ஒவ்வோர் அரசும் வெவ்வேறு விதமாக எதிர்கொண்டது. சந்தை வணிகர்களின் எதிர்ப்பையடுத்து இந்தோனேசியா 2023 செப்டம்பரில் சமூக ஊடகத்துக்குள் நேரடி விற்பனையைத் தடுத்தது. டிக்டாக் நிறுவனம் டிசம்பரில் அந்நாட்டின் டோக்கோபீடியா தளத்தில் பெரும்பங்கை வாங்க ஒப்பந்தம் செய்து வேறு வழியில் திரும்பியது. இந்தியா 2020 ஜூன் 29 அன்று டிக்டாக்கைத் தடைசெய்தது. சில நாள்களில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே அறிமுகமானது. பார்க்கும் திரையிலேயே வாங்கி முடிக்கும் வசதி இங்கே வேரூன்றவில்லை. அதனால் தமிழ்நாட்டுச் சேலை வணிகர் யூடியூபிலோ இன்ஸ்டாகிராமிலோ முந்தானையை விரித்துக் காட்டி, 'ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்க' என்கிறார். இருப்பு உண்டா என்ற கேள்விக்கு அங்கே பதில் வர, பணம் ஜிபேயில் செல்ல, சேலை கூரியரில் வீடு சேர்கிறது.