பத்தாயிரம் ரூபாய்க்குக் கீழே

விற்பனை வரி கடைக்காரர்களின் தலைவலி, நமக்கென்ன என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். யாரை வியாபாரி என்று அரசு ஒத்துக்கொண்டது, யாரை விட்டுவிட்டது என்பதன் வரலாறும் அதற்குள் இருக்கிறது.

1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கிய ராஜாஜி அரசு, கள், சாராய வருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939இல் சென்னை மாகாணப் பொது விற்பனை வரிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆண்டு விற்பனை 10,000 ரூபாயைத் தாண்டாதவருக்கு வரி இல்லை. 20,000 வரை மாதம் 5 ரூபாய், அதற்கு மேல் அரை சதவீதம். செருப்பு தைத்தவரும், கூலி வேலைக்கு நடுவே கூடை முடைந்து சந்தையில் விற்றவரும் 10,000 ரூபாயைக் கனவிலும் கண்டதில்லை. ஆகவே வரியும் இல்லை, பேரேட்டில் பெயரும் இல்லை.

தோல் வணிகத்தைப் பாருங்கள். அச்சட்டத்தின் விதிகளில் பச்சைத் தோலுக்குத் தனி ஏற்பாடு இருந்தது. உரிமம் பெற்ற வியாபாரிகளுக்குள் கைமாறும்போது வரி கிடையாது. பதனிடுபவரிடமோ ஏற்றுமதியாளரிடமோ போய்ச் சேரும் இடத்தில் ஒரே ஒருமுறை வரி. செத்த மாட்டை உரித்து, உப்புப் போட்டு, தலையில் சுமந்துவந்த நம் ஆட்கள் அந்த ஏற்பாட்டில் எங்கே? தொழில் அவர்களிடம் தொடங்கியது. கணக்கோ உரிமக்காரரிடம் தொடங்கியது. (பின்னாளில் தோல் வியாபாரிகள் இதே விதியில் பாரபட்சம் என்று உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றார்கள். உரித்தவருக்கு அந்தப் படி ஏற வழியேது?)

இந்த வரியின் வலிமையை அண்ணல் அம்பேத்கர் அறிந்திருந்தார். மாகாண நிதி பற்றி 1925லேயே நூல் வெளியிட்டவர். விற்பனை வரி மாகாணங்களுக்கு இடையிலான வணிகத்தை முடக்கக் கூடாது என்று, பின்பு 286ஆம் பிரிவான விதியை 1949 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபையில் முன்மொழிந்தவரும் அவரே.

2017 ஜூலை முதல் ஜிஎஸ்டி. தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்குப் பதிவு வரம்பு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம். வேலை பார்த்துக்கொண்டே தோல்பை செய்து விற்கும் தோழர் கவனிக்க: சம்பளம் இந்தக் கணக்கில் வராது, ஆனால் ஒரே பான் எண்ணில் நடத்தும் எல்லா வியாபாரமும் சேரும். வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்றால் வரம்பு பாராமல் பதிவு கட்டாயம். கையால் செய்த தோல் பொருட்கள் உள்ளிட்ட சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் நிபந்தனையோடு விலக்கு உண்டு.

வரம்புக்குக் கீழேயும் விரும்பிப் பதிவு செய்யலாம். செய்தால் முதல் ரூபாயிலிருந்தே வரி. விற்பனையே இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஆனால் உள்ளீட்டு வரி வரவு வேண்டும் நிறுவனம் எண் உள்ளவரிடம்தான் வாங்கப் பார்க்கும். மத்திய அரசு நிறுவனங்களின் கொள்முதலில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு தொழில்களுக்கு 4 சதவீதம் என்று 2012 கொள்கை சொல்கிறது. அதைக் கேட்டு வாங்க முதலில் காகிதத்தில் இருக்க வேண்டும்.

சிக்கல் முகவரியில் வருகிறது. மின் ரசீது, வாடகை ஒப்பந்தம், இட உரிமையாளரின் சம்மதக் கடிதம் என்று கேட்பார்கள். பட்டா இல்லாத புறம்போக்கு வீட்டில் இருப்பவரும், ஊர்த்தெருவில் சாதி கேட்டுக் கடை மறுக்கப்பட்டவரும் இங்கேதான் நிற்கிறார்கள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் காரணத்தோடு ஆணையை எழுத்தில் வாங்குங்கள். மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம்.