வால்மீனும் புதுமீனும் ஒரு சூனிய வழக்கும்: கெப்ளரின் நிலவுக் கனவு

1577ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் உலகின் பல பகுதிகளில் மக்கள் மாலை வானத்தை அச்சத்தோடு நோக்கினர். நீண்ட வாலோடு ஒரு பெரும் வால்மீன் அங்கே ஒளிர்ந்தது. அக்பரின் அவையில் இருந்த அபுல் பசல் தம் அக்பர்நாமாவில் அதனைப் பதிவுசெய்து, வால்மீன்களின் இயல்பு குறித்தும் அவை உணர்த்துவதாகக் கருதப்பட்ட விளைவுகள் குறித்தும் விரிவாக எழுதினார். டென்மார்க்கின் வேன் தீவில் டைக்கோ பிராகி அதன் நிலையை அளந்து, அது நிலவுக்கும் அப்பால் இருப்பதாக நிறுவினார். வால்மீன்கள் நிலவுக்குக் கீழே, காற்று மண்டலத்தில் தோன்றும் எரிபொருள்கள் என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கை அந்த அளவீட்டினால் ஆட்டம் கண்டது. தென் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் நாட்டில், லியோன்பெர்க் என்னும் சிற்றூரில், எழுத்தறிவற்ற ஒரு பெண் தன் மகனை மேட்டுநிலம் ஒன்றுக்கு அழைத்துச் சென்று அதே வால்மீனைக் காட்டினாள். அவள் பெயர் கத்தரீனா. ஆறு வயதை எட்டிக்கொண்டிருந்த அச்சிறுவன் யோகான்னஸ் கெப்ளர்.

1580இல் நிகழ்ந்த நிலவு மறைப்பைக் காணவும் அச்சிறுவன் வீட்டுக்கு வெளியே அழைத்துவரப்பட்டான். நிலவு அன்று செந்நிறமாகத் தோன்றியதைப் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார். குழந்தைப் பருவத்தில் கண்ட அம்மை நோயால் அவருடைய பார்வை குன்றியிருந்தது. கோள்களின் பாதையை உலகுக்கு உணர்த்தியவர் வானத்தைத் தெளிவாகக் காண இயலாதவராகவே வாழ்நாள் முழுதும் இருந்தார். அவருக்கு வானத்தை முதலில் காட்டிய தாய், ஏறத்தாழ எழுபது வயதைக் கடந்த நிலையில், சூனியக்காரி என்ற குற்றச்சாட்டின் பேரில் சங்கிலியால் பிணைக்கப்பட்டார். அதற்குத் தாம் எழுதிய ஒரு கற்பனைக் கதையே காரணம் என்று மகன் நம்பினார். அந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரியானது என்பது வரலாற்று மாணவர்கள் ஆராய்ந்து பார்க்கவேண்டிய வினாவாகும்.

அக்கதையின் வித்து 1593ஆம் ஆண்டைச் சேர்ந்தது. டூபிங்கன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் மேஸ்ட்லினிடம் கோப்பர்நிக்கசின் கொள்கையைக் கற்ற கெப்ளர், நிலவில் நிற்கும் ஒருவருக்கு வானம் எவ்வாறு தோன்றும் என்ற வினாவை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வுரை வரைந்தார். நம் காலடியில் உள்ள நிலம் அசையாதது என்று நாம் கொள்வதைப் போலவே, நிலவில் வாழ்வோரும் தம் உலகம் அசையாதது என்று கொள்வர். அவர்கள் கண்ணுக்குப் பூமியே சுழலும். எது நிற்கிறது, எது சுழல்கிறது என்ற தீர்ப்பு, காண்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது என்பதே வாதத்தின் உயிர்நாடி. இதனை விவாதத்திற்கு உரிய கருத்துகளாகத் தொகுக்க உதவியவர் அவருடைய நண்பரான சட்ட மாணவர் கிறிஸ்டோப் பெசோல்ட். கோப்பர்நிக்கசுக்கு எதிரான பேராசிரியர் ஒருவர் தடுத்தமையால் அந்த விவாதம் அரங்கேறவில்லை.

பதினோர் ஆண்டுகளுக்குப் பின் வானம் மீண்டும் ஒரு புதிரை முன்வைத்தது. 1604 அக்டோபரில், வியாழனும் சனியும் செவ்வாயும் அருகருகே நின்ற வானப் பகுதியில், அதுவரை இல்லாத ஒரு விண்மீன் சுடர்விட்டது. டைக்கோவின் மறைவுக்குப் பின் பேரரசர் இரண்டாம் ருடால்பின் கணிதராகப் பிராகா நகரில் பணியாற்றிய கெப்ளர், அதனை அது மங்கி மறையும்வரை கவனித்து, 1606இல் தனி நூலாக எழுதினார். அது ஒரு சூப்பர்நோவா என்று இன்று அறிகிறோம். நமது பால்வழி மண்டலத்தில் வெறுங்கண்ணால் தெளிவாகக் காணப்பட்ட சூப்பர்நோவாக்களில் அதுவே கடைசி. பேரரசுகளின் வீழ்ச்சி, உலகின் முடிவு, புதிய மன்னனின் வருகை என்று ஆளுக்கொரு பலன் கூறப்பட்ட காலம் அது. கெப்ளரும் சோதிடத்தை முற்றிலும் துறந்தவர் அல்லர். பஞ்சாங்கம் கணிப்பது அவருடைய பணிகளுள் ஒன்று. ஆயினும் ஒளி எங்கே உள்ளது, எவ்வளவு தொலைவில் உள்ளது என்று முதலில் கேட்டு, அதன் பின்னரே அதன் பொருளைப் பற்றிப் பேசினார். அஞ்சுவதற்கு முன் அளப்பது என்ற இந்த ஒழுங்கு பின்னாளில் நீதிமன்றத்திலும் அவருக்குக் கைகொடுத்தது.

1609இல், தடுக்கப்பட்ட மாணவப் பருவ ஆய்வுரையைக் கனவுக் கதையாக அவர் மாற்றி எழுதினார். ‘கனவு’ என்று பொருள்படும் ‘சோம்னியம்’ என்னும் இலத்தீன் பெயரை அக்கதைக்கு இட்டார். கதைசொல்லி உறங்குகிறார், கனவில் ஒரு நூலைப் படிக்கிறார். அந்நூலில் ஐஸ்லாந்தைச் சேர்ந்த துராகோட்டஸ் என்னும் இளைஞன் தன் வரலாற்றைக் கூறுகிறான். அவன் தாய் பியோல்க்சில்டே மூலிகைகளைப் பறித்து, சிறு தோல்பைகளில் இட்டு, மாலுமிகளுக்கு விற்பவள். சிறுவன் ஒரு பையைக் கிழித்துவிட, சினமுற்ற தாய் அவனைக் கப்பல் தலைவனிடம் ஒப்படைத்துவிடுகிறாள். அவன் டைக்கோ பிராகியின் தீவை அடைந்து வானியல் கற்று, ஐந்து ஆண்டுகள் கழித்துத் திரும்புகிறான். தாய் மனம் வருந்தி அவனை ஏற்று, தனக்கு அறிவு புகட்டிய ஓர் ஆவியை வரவழைக்கிறாள். நிலவாகிய லெவானியாவுக்கு நிழல் வழியே நான்கு மணி நேரத்தில் செல்லும் பயணத்தையும், அங்கிருந்து காணும்போது பூமி வானத்தில் ஓரிடத்திலேயே நின்று சுழலும் காட்சியையும் அந்த ஆவி விவரிக்கிறது. பயணிகள் கடுங்குளிரையும் மூச்சுவிட இயலாமையையும் எவ்வாறு சமாளிக்கின்றனர் என்பதும் கதையில் உண்டு. மாயக் கதையின் உடையில் வந்தது துல்லியமான நிலவியல் வானியல்.

கதையின் தொடக்கத்திலேயே ஒரு குறிப்பு வருகிறது. தாய் அண்மையில் இறந்தமையால்தான் தன்னால் இதனை எழுத முடிந்தது என்கிறான் துராகோட்டஸ். தமக்கு விளங்காத கலைகளை இகழ்ந்து, அவற்றுக்கு எதிராகத் தீய சட்டங்களை இயற்றுவோர் உலகில் உள்ளனர் என்று அஞ்சி, தான் உயிரோடிருக்கும்வரை எழுதலாகாது என அவள் தடுத்திருந்தாளாம். கெப்ளர் இதனை எழுதியபோது கத்தரீனா உயிரோடு இருந்தார். அவரும் மூலிகைகள் அறிந்தவர். அவரும் கணவன் கைவிட்டுச் சென்றபின் தனித்து வாழ்ந்தவர். டைக்கோவிடம் பணிபுரிந்த மகன் ஒருவன் அவருக்கும் இருந்தான். கதையை யாரேனும் தன்வரலாறாகப் படிக்க விரும்பினால், அதற்கு வேண்டிய அனைத்தும் அதனுள் இருந்தன. 1611இல் அதன் கைப்படி ஒன்று பிராகாவிலிருந்து வெளியேறி லைப்சிக் வழியாக டூபிங்கன் சென்றது.

1615இல் லியோன்பெர்க்கில் வழக்குத் தொடங்கியது. கண்ணாடி வேலை செய்பவரின் மனைவி உர்சுலா ரைன்போல்ட், கத்தரீனா கொடுத்த கசப்பான பானத்தால் தமக்கு நோய் உண்டானதாகக் குற்றம் சாட்டினார். அவருடைய சகோதரர் இளவரசரின் அவையில் சவரத் தொழிலும் காயச் சிகிச்சையும் செய்தவர். ஆட்சி அலுவலர் லுதெருஸ் ஐன்ஹார்ன் முன்னிலையிலேயே அவர் அம்முதியவளை வாளால் மிரட்டி, சூனியத்தைத் திருப்பி எடுக்குமாறு கேட்டார். கத்தரீனாவின் குடும்பம் அவதூறு வழக்குத் தொடுத்தது. அதன்பின் குற்றச்சாட்டுகள் பெருகின. செங்கல் சுமந்து சென்ற சிறுமியின் கை வலித்தது, பள்ளி ஆசிரியர் ஒருவர் முடவரானார், கால்நடைகள் நோயுற்றன. இவை அனைத்தும் பழைய நினைவுகளிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டன. கத்தரீனா ஐன்ஹார்னுக்கு ஒரு வெள்ளிக் கிண்ணம் கொடுத்து விசாரணையைத் தவிர்க்க முயன்றது அவருக்கு எதிரான சான்றாயிற்று. தந்தையின் மண்டையோட்டைக் கோப்பையாக்க வேண்டி வெட்டியானிடம் கேட்டார் என்பதும் அவ்வாறே பயன்பட்டது.

இதற்கிடையே 1618இல் கெப்ளர் தம் மூன்றாம் விதியைக் கண்டடைந்தார். அதே ஆண்டில் முப்பதாண்டுப் போர் மூண்டது. வானில் மீண்டும் வால்மீன்கள் தோன்றின. அவை போரின் முன்னறிவிப்புகள் என்று துண்டு வெளியீடுகள் பேசின. 1620 ஆகஸ்டு 7ஆம் நாள், மகளின் வீட்டில் இருந்த கத்தரீனா இரவோடிரவாகக் கைது செய்யப்பட்டு, ஒரு பெட்டிக்குள் வைத்துத் தூக்கிச் செல்லப்பட்டார். பதினான்கு மாதங்கள் அவர் சிறையில் கிடந்தார். ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் பணியாற்றிவந்த கெப்ளர், தம் ஆய்வுகளை நிறுத்திவிட்டு வூர்ட்டம்பெர்க் வந்து தாயின் வழக்கைத் தாமே முன்னின்று நடத்தினார். அன்று டூபிங்கனில் சட்டப் பேராசிரியராக இருந்தவர், மாணவப் பருவத்தில் நிலவு ஆய்வுரைக்குத் துணைநின்ற அதே பெசோல்ட்.

128 பக்கங்கள் கொண்ட இறுதி எதிர்வாதத்தின் முறை கவனத்திற்குரியது. சூனியம் என்று ஒன்று உண்டா என்ற வினாவை அது எழுப்பவில்லை. அதை எழுப்பியிருந்தால் அந்நீதிமன்றத்தில் வழக்கு அன்றே தோற்றிருக்கும். அதற்கு மாறாக, ஒவ்வொரு குற்றச்சாட்டையும் தனித்தனியே எடுத்து, அதற்குரிய இயற்கைக் காரணத்தை அது முன்வைத்தது. சிறுமியின் கை வலித்தது அளவுக்கு மீறிச் செங்கல் சுமந்ததால். ஆசிரியர் முடவரானது பள்ளம் ஒன்றைத் தாண்டிக் குதித்து விழுந்ததால். உர்சுலாவின் நோய்க்கு அவர் முன்பே உட்கொண்ட மருந்துகள் காரணம். சாட்சிகளின் கூற்றுகளில் காலமும் இடமும் முரண்பட்ட இடங்களை அது சுட்டிக்காட்டியது. புதிய விண்மீனை அளந்த அதே அறிவு இங்கே வதந்தியை அளந்தது.

1621 செப்டம்பர் 28 அன்று சித்திரவதைக் கருவிகள் கத்தரீனாவின் கண்முன் காட்டப்பட்டன. அவற்றின் பயன்பாட்டைத் தண்டனையாளர் விளக்கினார். என்ன செய்தாலும் ஒப்புக்கொள்வதற்குத் தம்மிடம் எதுவும் இல்லை என்று அவர் உறுதிபடக் கூறி, மண்டியிட்டு இறைவனை வேண்டினார். சில நாட்களில் விடுவிக்கப்பட்டார். ஆறு மாதங்களுக்குப் பின், 1622 ஏப்ரலில், காலமானார்.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். தாயின் மறைவுக்குப் பின் கெப்ளர் ‘சோம்னியம்’ கதைக்கு 223 குறிப்புகள் எழுதினார். கதையைவிடக் குறிப்புகளே பன்மடங்கு நீண்டவை. தம் கதை சவரக் கடைகளில் பேசப்பட்டதாகவும், அங்கே மூண்ட வதந்தியே தம் குடும்பத்தைச் சுட்டதாகவும் ஒரு குறிப்பில் அவர் எழுதுகிறார். உர்சுலாவின் சகோதரர் செய்த தொழிலை எண்ணினால் இக்கூற்று வலுவுடையதாகவே தோன்றும். பல நூல்களில் இது நிறுவப்பட்ட உண்மையாகவே இடம்பெற்றுவிட்டது. ஆனால் வழக்கு ஆவணங்கள் வேறொரு சித்திரத்தைத் தருகின்றன. இவ்வழக்கை 2015இல் விரிவாக ஆராய்ந்த வரலாற்றாசிரியர் உலிங்கா ரூப்ளாக், வழக்கின் வேர்களை அவ்வூரின் உறவுகளிலும் அச்சங்களிலுமே காண்கிறார். ஐன்ஹார்ன் வேறு பல பெண்கள்மீதும் சூனியக் குற்றம் சுமத்தியவர். அப்பெண்களின் பிள்ளைகள் எவரும் நிலவுப் பயணக் கதை எழுதியவர் அல்லர். முதுமை, தனிமை, அண்டை வீட்டுப் பகை, நோய்க்குக் காரணம் தேடும் மனம், அதிகாரம் பெற்ற ஓர் அலுவலர் ஆகிய இவையே ஒரு பெண்ணைச் சூனியக்காரியாக்கப் போதுமானவை.

அவ்வாறாயின் கெப்ளரின் கூற்றை எவ்வாறு கொள்வது? அதனை வழக்கின் காரணத்திற்குரிய சான்றாகக் கொள்வதைவிட, ஒரு மகனின் துயரத்திற்குரிய சான்றாகக் கொள்வதே பொருத்தம். இருபதுகளில் எழுதிய குடும்பக் குறிப்பொன்றில் தாயைக் குற்றங்குறை நிறைந்தவராகவும் சண்டைக்காரராகவும் தீட்டியவர் அவரே. பின்னர் கதையில் அவரை ஆவியோடு பேசுபவராகப் படைத்தவரும் அவரே. குறிப்புகளில் அவர் அந்தப் பாத்திரத்தை மீட்டெடுக்க முயல்கிறார். ஆவி என்பதற்குரிய கிரேக்கச் சொல், அறிதல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து பிறந்தது என்கிறார். ஆவியை அழைக்கும் இருபத்தொரு எழுத்துகள், கோப்பர்நிக்கசின் வானியல் என்னும் இலத்தீன் தொடரின் எழுத்துகளே என்கிறார். தாய் என்பவள் கல்லாமையின் உருவகம், அவள் ஈன்ற மகவே அறிவியல் என்றும் விளக்குகிறார். நூலாசிரியர் தம் நூலைப் பற்றிக் கூறுவதும் ஒரு சான்றே. ஏனைய சான்றுகளைப் போலவே அதுவும் எப்போது, எந்நிலையில், யாருக்காகக் கூறப்பட்டது என்று கேட்டு ஆராயப்பட வேண்டியது.

கல்லாமையின் உருவகம் என்ற விளக்கமும் முழுமையானதன்று. வால்மீனைக் காண மகனை மேட்டுநிலத்துக்கு அழைத்துச் சென்றவர் எழுத்தறியாத கத்தரீனாதான். அவ்வொளியை அஞ்சத்தக்க குறியாக மட்டும் கருதியிருந்தால் கதவை அடைத்துக்கொண்டிருப்பார்.

நூல் அச்சில் இருக்கும்போதே, 1630 நவம்பர் 15 அன்று, ரேகன்ஸ்பர்க் நகரில் கெப்ளர் காலமானார். பணியைத் தொடர்ந்த மருமகன் யாக்கோப் பார்ட்ச் 1633இல் கொள்ளைநோய்க்கு இரையானார். வறுமையில் வாடிய குடும்பத்தின் பொருட்டு மகன் லூட்விக் 1634இல் அதனை வெளியிட்டார். நிலவிலிருந்து பூமியைக் காட்டிய அந்த நூல், கதையும் 223 குறிப்புகளும் பிரிக்க இயலாதவாறு பிணைந்த நிலையிலேயே இன்றும் படிக்கப்படுகிறது.