முன்பணமும் சம்பள பாக்கியும்: நலிந்த தொழில்களில் நிர்வாக–தொழிலாளர் உறவு

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அடுத்த சில வாரங்களுக்குள் கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தின் பொறியாளர்களும் விமானிகள் பலரும் வேலையை நிறுத்தினர். அக்டோபர் 20-இல் அதன் பறக்கும் உரிமம் முடக்கப்பட்டது. முதல் செய்தியை விபத்து என்றும் இரண்டாவதை நிதிநெருக்கடி என்றும் தனித்தனியே படித்துப் பழகியிருக்கிறோம். இரண்டும் ஒரே கேள்வியைச் சேர்ந்தவை என்பது இக்கட்டுரையின் வாதம். நொடிந்துவரும் தொழிலில், ஆபத்தை முதலில் காணும் ஊழியர் ‘நிறுத்துங்கள்’ என்று சொல்ல முடிகிறதா? அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டா?

2005-இல் பறக்கத் தொடங்கிய கிங்ஃபிஷர், 2007-இல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கானைக் கைப்பற்றியது. ஓராண்டுகூட இலாபம் காணவில்லை. வேலைநிறுத்தம் தொடங்கியபோது ஏழு மாதச் சம்பளம் பாக்கி. சம்பள பாக்கி என்பது ஊழியர் நிறுவனத்துக்குக் கொடுக்கும் கடன். வங்கி கொடுத்த கடனுக்குப் பத்திரம், வட்டி, ஈடு எல்லாம் இருந்தன. ஊழியர் கொடுத்த கடனுக்கு எதுவுமில்லை; கொடுக்கச் சம்மதமா என்றும் அவர்களை யாரும் கேட்கவில்லை.

ஆனால் அவர்களிடம் ஒன்று இருந்தது. பராமரிப்பு முடிந்த விமானம் மேலெழ வேண்டுமானால் உரிமம் பெற்ற பொறியாளர் ஒருவர் கையெழுத்திட வேண்டும். நள்ளிரவில் டார்ச் விளக்கோடு இன்ஜினுக்குள் எட்டிப் பார்த்து, கசிவு உண்டா, விரிசல் உண்டா என்று தேடிவிட்டுப் போடும் கையெழுத்து அது. தவறு நேர்ந்தால் போவது அவருடைய சொந்த உரிமம். வாடகை கட்ட வழியில்லாமல், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு அலைந்துகொண்டிருப்பவரின் கண் அந்த விரிசலைத் தவறவிடாது என்று யார் உறுதி கூறுவது? கையெழுத்து நின்றது, நிறுவனமும் நின்றது. ஆனால் அந்த இழுபறி மாதங்களில் பயணி ஒருவரும் உயிரிழக்கவில்லை. இதை அந்த ஊழியர்களின் கணக்கில் வரவு வைத்தாக வேண்டும்.

தொழிற்சங்கம்தான் விமான நிறுவனங்களைக் கொல்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. 2012-இல் ஏர் இந்தியா விமானிகள் 58 நாள் வேலைநிறுத்தம் செய்ததையும், 1989-இல் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பின் அமெரிக்காவின் ஈஸ்டர்ன் 1991-இல் மூடப்பட்டதையும் சான்று காட்டுவார்கள். இந்த வாதத்தில் ஒரு பகுதி உண்மை இருக்கிறது. நல்லுறவு மட்டும் எரிபொருள் விலையைக் குறைக்காது, கடனையும் அடைக்காது. நல்லுறவு வாங்கித் தருவது அவகாசத்தை. 2008-இல் சுமார் 1,900 பேரை ஒரே மூச்சில் நீக்கி, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பச் சேர்த்த நிறுவனம் ஜெட் ஏர்வேஸ். அப்படியிருந்தும் 2019 ஏப்ரலில் மாதக்கணக்கில் முழுச் சம்பளம் காணாத அதன் விமானிகள் வேலைநிறுத்தத்தை ஒத்திவைத்து நிர்வாகத்துக்கு அவகாசம் தந்தார்கள். வங்கிகள்தான் தரவில்லை. ஏப்ரல் 17 இரவு கடைசி விமானம் புறப்பட்டது.

பட்டாசுத் தொழிலில் கடன் எதிர்த்திசையில் ஓடுகிறது. இங்கே தொழிலாளி முதலாளிக்குக் கடன்பட்டிருப்பார். கல்யாணத்துக்கோ மருத்துவச் செலவுக்கோ வாங்கிய முன்பணம் கணக்கு முடியும்வரை ஆளை அந்த ஆலையோடு கட்டிவைக்கிறது. கூலியோ பீஸ் ரேட், கைவேகம்தான் வருமானம்.

2021 பிப்ரவரி 12-இல் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நடந்த வெடிவிபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. வெளிப்பட்ட செய்திகளில் என்னை உலுக்கியது குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில். அறைகளில் தொழில் நடத்தியவர்கள் வேறு பலர். முதலிப்பட்டியிலும் இதே கதைதான். குத்தகைக்காரருக்கு அந்த ஆலையின் அடுத்த ஆண்டு உரிமத்தைப் பற்றிக் கவலையில்லை. கொடுத்த வாடகையைத் தீபாவளிக்குள் பலமடங்காக எடுத்தாக வேண்டும். அதனால்தான் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாத அறையில் கூட்டம் சேர்கிறது. இடம் போதாவிட்டால் மரத்தடியில் வேலை நடக்கிறது. காலையில் கலந்த வெடிமருந்து மிஞ்சினால் அழிக்க மனம் வருவதில்லை. மருந்தில் சூடு தட்டுவதைக் கையுறை இல்லாத விரல் முதலில் அறியும். விரலுக்குரியவர் அதைச் சொன்னால் அன்றைய கூலி போகும், முன்பணம் பேச்சுக்கு வரும். போர்மேன் என்று ஒருவர் உண்டு. காகிதத்தில் பாதுகாப்புக்குப் பொறுப்பாளி. உற்பத்தியை நிறுத்தும் அதிகாரம் நடைமுறையில் அவருக்கும் இல்லை.

உரிமையாளர்களின் நெருக்கடியும் உண்மையானது. 2018 அக்டோபர் 23-இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை விதித்தது. நாட்டின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்யும் வட்டாரம் திகைத்துப்போனது. ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக்கிடந்தன. அப்போது தொழிலைக் காக்கச் சொல்லி விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் ஆயிரக்கணக்கில் திரண்டவர்கள் கூலி இழந்து நின்ற தொழிலாளர்களே. இவ்வளவு பற்றுள்ள தொழிலாளரைப் பெற்ற தொழில், அவர்கள் பெயரை ஒரு பதிவேட்டில் ஒழுங்காக எழுதிவைக்க மறுக்கிறது. அப்படி எழுதிவைப்பதன் மதிப்பு ஜெட் ஏர்வேஸில் தெரிந்தது. அதன் ஊழியர்களின் வருங்கால வைப்பு நிதியையும் பணிக்கொடையையும் கொடுத்தாக வேண்டும் என்று 2022-இல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிடவில்லை. நிறுவனம் செத்த பிறகும் வழக்காட அவர்களிடம் சம்பளச் சீட்டு இருந்தது. உள்குத்தகை அறையில் மருந்து அடைத்தவரின் குடும்பமோ, அவர் அங்கே வேலை பார்த்தார் என்பதையே முதலில் நிறுவ வேண்டியிருக்கிறது.

பசுமைப் பட்டாசு, பேரியத்துக்கு விலக்கு, வரிச்சலுகை ஆகியவற்றைத்தான் சிவகாசியின் பிழைப்புக்கு வழியாகப் பேசுகிறோம். ஒவ்வொரு வெடிவிபத்தும் அந்தக் கோரிக்கைகளுக்கு எதிரான சாட்சியாக நீதிமன்றத்தில் போய் நிற்கிறது. ஆகவே விமானப் பொறியாளரின் கையெழுத்துக்கு இணையான ஒன்றை அறைக்குள் கொண்டுவருவதே முதல் வேலை. அன்றைய மருந்தின் அளவையும் ஆள் எண்ணிக்கையையும் பார்த்து, அங்கே வேலை செய்யும் ஒருவர் கையெழுத்திட்ட பிறகே அறை இயங்க வேண்டும். அவர் மறுக்கும் நாளில் அந்த அறையிலுள்ள அனைவருக்கும் முழு நாள் கூலி கிடைக்க வேண்டும். முன்பணக் கணக்கை அன்று யாரும் எடுக்கக் கூடாது. அந்தக் கூலியைத் தர வேண்டியவர் குத்தகைக்காரர் அல்லர். உரிமத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே தர வேண்டும்.