உருளைக்கிழங்கு வயல் பாசி

1945-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆம்ஹெர்ஸ்ட் ஊருக்கு அருகே இருந்த ஓர் உருளைக்கிழங்கு வயலின் மண்ணிலிருந்து தாவரவியலாளர் கில்பர்ட் ஸ்மித் ஒரு பாசியைப் பிரித்தெடுத்தார். அதன் பெயர் கிளாமிடோமோனாஸ் ரெயின்ஹார்டி. ஒற்றைச் செல்தான், குறுக்களவு சுமார் 10 மைக்ரோமீட்டர். நீந்த இரண்டு கசையிழைகள், வெளிச்சம் வரும் திசையை அறிய ஒரு கண்புள்ளி, கிண்ண வடிவில் ஒரே ஒரு பசுங்கணிகம். இன்று உலக ஆய்வுக்கூடங்களில் வளரும் இந்த இனத்தின் வகைகளில் பெரும்பாலானவை அந்த வயல் மண்ணின் வாரிசுகள்.

ஆய்வாளர்கள் இதைத் தேர்ந்ததற்கு ஒரு வலுவான காரணம் உண்டு. ஒளிச்சேர்க்கை முற்றிலும் பழுதானாலும் இது சாவதில்லை. அசிட்டேட் ஊற்றினால் இருட்டிலும் பிழைத்துக்கொள்ளும். எனவே ஒளிச்சேர்க்கையின் பாகங்களை ஒவ்வொன்றாகக் கெடுத்து, எது எதற்கு என்று பார்க்க முடியும். நெல்லில் அப்படிக் கெடுத்தால் நாற்றே மிஞ்சாது. 1988-இல் இன்னொரு கதவு திறந்தது. டி.என்.ஏ. பூசிய டங்ஸ்டன் துகள்களைச் சுட்டு, பழுதான பசுங்கணிகத்துக்குள் நல்ல மரபணுவைச் செலுத்தினார்கள். வெளியிலிருந்து ஒரு மரபணுவைப் பசுங்கணிகத்தில் நிலையாகப் பதித்தது அதுவே முதல்முறை.

பாசியிடம் எண்ணெய் கேட்கும் ஆசை அதற்கு முன்பே பிறந்துவிட்டது. எண்ணெய் நெருக்கடியை அடுத்து 1978-இல் அமெரிக்க எரிசக்தித் துறை தொடங்கிய பாசி எரிபொருள் திட்டம் 1996-இல் மூடப்பட்டது.

பாசியிலிருந்து எண்ணெய் எடுப்பதில் முதல் சிக்கல் எங்கே? பாசியின் பேராசையில். ஒளிச்சேர்க்கை தொடங்கும் ஒவ்வொரு ஒளிமையத்தைச் சுற்றியும் நூற்றுக்கணக்கான பச்சைய மூலக்கூறுகள் நின்று ஒளியைப் பிடித்துத் தருகின்றன. உச்சி வெயிலில் தொட்டியின் மேல்மட்டத்துச் செல்கள், பந்தியில் முன்னால் உட்கார்ந்து இலை நிறைய வாங்கிவைத்து வீணாக்குபவரைப் போல, பிடித்த ஒளியில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே விட்டுவிடும். அடியில் இருப்பவற்றுக்கு நிழல்தான். பெர்க்லியில் அனஸ்டாசியோஸ் மெலிஸ் குழு கண்டெடுத்த டிஎல்ஏ1 என்ற கிளாமிடோமோனாஸ் பிறழ்வு வகைக்குப் பச்சையம் குறைவு, பார்வைக்கு வெளிர் பச்சை. ஒளி ஆழம்வரை இறங்கியது. பலத்த வெயிலில், அடர்ந்த வளர்ப்பில் விளைச்சலும் கூடியது.

ஆனால் காட்டில் பேராசை முட்டாள்தனமல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. தனக்கு உதவாத ஒளியானாலும், பிடித்துவைத்தால் போட்டியாளருக்குக் கிடைக்காதே! அடக்கமாக வளர்க்கப்பட்ட பாசி இருக்கும் திறந்த குளத்தில் காற்றோடு ஒரு காட்டுப் பாசி வந்து விழுந்தால் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை.

இரண்டாவது சிக்கல் கொழுப்பு. நைட்ரஜனை நிறுத்திப் பட்டினி போட்டால் செல் எண்ணெயைச் சேர்க்கும், ஆனால் வளர்ச்சி நின்றுவிடும். 2017-இல் சிந்தெடிக் ஜீனோமிக்ஸ் நிறுவனமும் எக்ஸான்மொபிலும் ஒரு வழி கண்டன. நானோகுளோராப்சிஸ் என்ற வேறொரு பாசியில் ஒரே ஒரு கட்டுப்பாட்டு மரபணுவின் வேலையைத் தணித்ததும், வளர்ச்சி பெரிதாகக் குறையாமலே கொழுப்பு 20 சதவீதத்திலிருந்து 40-க்கு மேல் ஏறியது. 2025-க்குள் நாளொன்றுக்கு 10,000 பீப்பாய் தயாரிக்கும் தொழில்நுட்பத் திறன் என்று இலக்கும் அறிவித்தார்கள். 2023-இல் எக்ஸான்மொபில் இம்முயற்சியை விட்டு விலகிய செய்தி வந்தது.

வயல் பாசி வேலையில்லாமல் போகவில்லை. அதன் கண்புள்ளிப் பகுதியில் ஒளியை உணரும் புரதம் எலியின் நரம்பணுக்களுக்குள் போய், ஒளியால் மூளையை இயக்கிப் பார்க்கும் துறைக்கே வித்திட்டது. ஒளிச்சேர்க்கையிலும் அதற்குப் புதிய அழைப்பு வந்திருக்கிறது, இம்முறை பயிர்களிடமிருந்து. கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ நொதியை இப்பாசி பைரினாய்டு என்ற சிறு உருண்டைக்குள் குவித்துவைக்கிறது. நெல்லிலும் கோதுமையிலும் அந்த ஏற்பாடு இல்லை. 2020-இல் எடின்பரோ ஆய்வாளர்கள் அந்த உருண்டைக்கான பாசிப் புரதங்களை அரபிடாப்சிஸ் செடியில் புகுத்தினார்கள். இலைக்குள் ரூபிஸ்கோ திரண்டு உருண்டையானது. செடி எப்போதும்போலவே வளர்ந்தது, கூடுதலாக அல்ல. உருண்டைக்குள் கரியமில வாயுவைக் கொண்டுசேர்க்கும் கடத்திகளையும் பாசியிடமிருந்தே அடுத்து வாங்க வேண்டும்.