ஒரு டம்ளர் ஐஸ் மாட்சாவும் திருச்சி ஜில்லாவும்

திருச்சி வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் மோர், இளநீர், நன்னாரி சர்பத், பன்னீர் சோடா என்று எதைக் குடித்தாலும் அரை மணி நேரத்தில் நாக்கு மறுபடி வறண்டுவிடும். இந்த வரிசையில் புதுவரவு மாட்சா. ஜப்பானின் பச்சைத் தேயிலைத் தூள். இதை மாம்பழக் கூழும் ஐஸும் சேர்த்து வீட்டிலேயே கலக்கிக் குடிப்பவர்கள் இப்போது உண்டு.

செய்முறை சுலபம். ஒரு டீஸ்பூன் (சுமார் 2 கிராம்) தூளைச் சலித்து, 70-80 டிகிரி சூடுள்ள வெந்நீர் கொஞ்சம் விட்டு நுரை வரும்வரை அடிக்க வேண்டும். ஜப்பானிய மூங்கில் மத்து இல்லையென்றால் மூடி போட்ட பாட்டிலில் ஊற்றிக் குலுக்கலாம். டம்ளரின் அடியில் மாம்பழக் கூழ், அதன்மேல் ஐஸ், பிறகு குளிர்ந்த பால், கடைசியாக மாட்சா. சர்க்கரை சேர்ந்த கூழ் கனமானது என்பதால் அடியிலேயே நிற்கும். மஞ்சள், வெள்ளை, பச்சை என மூன்று அடுக்கு தெரியும். எலுமிச்சை சேர்ப்பதானால் பாலை விட்டுவிடுங்கள், திரிந்துவிடும்!

மொத்தம் ஐந்து நிமிட வேலை. ஆனால் இந்த டம்ளருக்குள் மாம்பழமும் பாலும்தான் உள்ளூர்ச் சரக்கு. மற்றவை எப்படி வந்தன என்று பார்ப்போமா?

பச்சைத் தூள்

தேயிலையைத் தூளாக்கி வெந்நீரில் அடித்துக் குடிப்பது முதலில் சீனர்களின் பழக்கம். சோங் வம்சக் காலத்தில் அது அங்கே உச்சத்தில் இருந்தது. 1191-ல் சீனாவிலிருந்து திரும்பிய எய்சாய் என்ற பௌத்தத் துறவி தேயிலை விதைகளையும் இந்தப் பழக்கத்தையும் ஜப்பானுக்குக் கொண்டுபோனார். 1391-ல் மிங் வம்சத்து முதல் பேரரசர், அழுத்திச் செய்த தேயிலைக் கட்டிகளைக் கப்பமாக அனுப்ப வேண்டாம், இலையாகவே அனுப்புங்கள் என்று உத்தரவிட்டார். அதன்பின் சீனா தூளை மறந்தது, ஜப்பான் பிடித்துக்கொண்டது. பறிப்பதற்குச் சுமார் மூன்று வாரம் முன்பே செடிகளுக்கு நிழல் போட்டுவிடுவார்கள். பச்சை நிறம் கூடுவதற்கு அதுதான் காரணம். ஒரு கல் எந்திரத்தில் ஒரு மணி நேரம் அரைத்தால் 40 கிராம் கிடைப்பதே பெரிது. விலை ஏன் அதிகம் என்பது இப்போது புரியும்.

ஐஸ்

1833 மே மாதம் அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து 'டஸ்கனி' என்ற கப்பல் 180 டன் ஐஸோடு கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. அனுப்பியவர் ஃபிரெடெரிக் டியூடர் என்ற வியாபாரி. ஏரியில் உறைந்த பனியை வெட்டி, உருகாமல் இருக்க மரத்தூள் போட்டு அடைத்து, நான்கு மாதம் கடலில்! செப்டம்பரில் கல்கத்தா வந்தபோது மிச்சம் சுமார் 100 டன். கிட்டத்தட்ட பாதிச் சரக்கு தண்ணீராகப் போயும் அந்த வியாபாரம் அவருக்கு நல்ல லாபம் கொடுத்தது. 1842-ல் சென்னைக் கடற்கரையிலும் ஒரு கிடங்கு கட்டினார்கள். அதுதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் விவேகானந்தர் தங்கியதும் அதே கட்டடத்தில்தான். அப்போதைக்கு இயந்திரத்தில் ஐஸ் செய்யும் முறை வந்து, கப்பல் ஐஸ் மறைந்துவிட்டது.

வீட்டுக்குள் ஐஸ் வர ஃபிரிட்ஜும் மின்சாரமும் வேண்டும். இதில் திருவெறும்பூருக்கும் ஒரு பங்கு உண்டு. 1965-ல் உருவான இங்கேயுள்ள பெல் ஆலையில் செய்த கொதிகலன்கள்தான் நாட்டின் பல அனல் மின் நிலையங்களில் நிற்கின்றன. ஐஸுக்குப் பின்னால் கொதிகலன், வேடிக்கைதான்!

1904

குளிர்ந்த தேநீர் அமெரிக்காவில் பெரிய அளவில் பிரபலமானது 1904-ல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சியில். இந்தியத் தேயிலையை விளம்பரப்படுத்தப் போன ரிச்சர்ட் பிளெச்சிண்டன், வெயிலில் யாரும் சூடான டீயைத் தொடாததால் ஐஸ் போட்டுக் கொடுத்தார் என்பார்கள். அவர்தான் கண்டுபிடித்தார் என்பது சரியல்ல. 1870களின் அமெரிக்கச் சமையல் புத்தகத்திலேயே ஐஸ் டீ இருக்கிறது. கூட்டம் சேர்த்தது அவர்.

அதே 1904-ல் திருச்சியில் வேறொன்று நடந்தது. இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்க சிலோன் தொழிலாளர் கமிஷன் தன் தலைமை அலுவலகத்தை இங்கே அமைத்தது. ஏன் திருச்சி? தோட்டங்களுக்கு மிக அதிகமாக ஆள் போன ஜில்லாக்களில் இதுவும் ஒன்று. 1867-ல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை, காப்பிப் பயிரை நோய் அழித்தபின் இலங்கை மலைகளை மூடிவிட்டது. இலை பறிக்கக் கை வேண்டும். அந்தக் கைகளில் பெரும்பாலானவை தமிழ்ப் பெண்களுடையவை.

கணக்கு எப்படி நடந்தது தெரியுமா? கங்காணி முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போவார். அது தொழிலாளியின் கடன். 'துண்டு' என்ற சீட்டில் அந்தக் கடன் எழுதப்படும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் புதிய துரை அந்தக் கடனை அடைக்க வேண்டும். வாணிபப் பாடத்தின் மொழியில் சொன்னால், ஒரு மனிதரின் கடன் இன்னொருவருக்குச் சொத்தாகக் கைமாறியது. 1921-ல்தான் இந்த முறை தடை செய்யப்பட்டது.

திரும்பி வந்தவர்கள்

1948-ல் இலங்கை குடியுரிமைச் சட்டம் இவர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964-ல் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. இந்தக் கணக்கைப் போட்டபோது மலையில் இருந்தவர்களைக் கேட்கவில்லை. திரும்பியவர்களுக்கு வேலை தர 1968-ல் தமிழக அரசு நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பின்னர் டான்டீ ஆனது. பாட்டனார் இலங்கையில் பறித்த அதே இலையைப் பேரப்பிள்ளைகள் கூடலூரில் பறித்தார்கள்.

1983 கலவரத்துக்குப் பின் அகதிகளாக வந்தவர்களிலும் மலையகத்தார் இருந்தார்கள். திருச்சி கொட்டப்பட்டு முகாமில் பல ஆண்டுகள் வாழ்ந்தும் குடியுரிமை இல்லாத இந்திய வம்சாவளியினரின் வழக்கில், 2019 ஜூனில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவர்களுடைய மனுக்களை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அவர்களுடைய முன்னோர் இந்த மண்ணிலிருந்தே கப்பல் ஏறியவர்கள் என்பதை நீதிமன்றமும் கணக்கில் எடுத்துக்கொண்டது.

மாட்சா ஜப்பானில் விளைவது. அதைப் பறித்தது தமிழர்கள் இல்லை. ஆனால் செடி ஒன்றுதான். தேநீர் பணக்காரர் பானமாக இருந்தது மாறி, வீட்டுச் சமையலறைக்கு ஐந்து நிமிட விஷயமாக வந்துசேர்ந்ததற்கு, திருச்சி ஜில்லாவிலிருந்து கடன் சீட்டோடு போனவர்களும் ஒரு காரணம். தூளின் விலையைப் பாக்கெட்டில் அச்சடித்திருப்பார்கள். இவர்கள் கொடுத்த விலை எந்தப் பாக்கெட்டிலும் இல்லை.

சரி, ஐஸ் உருகுவதற்குள் குடித்துவிடுங்கள்!