நெம்புகோலில் பிறந்த நுரை

இத்தாலியில் காபிக் கடையை ‘பார்’ என்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் கல்லாவில் காசைக் கட்டி, ரசீதைக் கொண்டுபோய்க் கவுன்ட்டரில் வைத்து, ஒரு காபி என்று சொன்னால் போதும். எஸ்பிரெஸோ என்று பெயர் சொல்லி அங்கே யாரும் கேட்பதில்லை. காபி என்றாலே அதுதான். சூடேறிய குட்டிக் கோப்பையில், அடியோடு ஒட்டியதுபோல், இருபத்தைந்து மில்லிதான் வரும். மேலே தேன் நிறத்தில் நுரை. சர்க்கரை போட்டுக் கலக்கி, மூன்று மடக்கில் முடித்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடுகிறார்கள். நின்றபடி குடித்தால் பெரும்பாலான ஊர்களில் ஒன்றரை யூரோவுக்குள் அடங்கும். மேசையில் உட்கார்ந்தால் அதே காபிக்கு வேறு விலை. வெனிஸில் 1720இல் தொடங்கிய ஃப்ளோரியன் கடையின் வெளி மேசைகளில், இசைக்குழு வாசிக்கும் நேரமென்றால் இசைக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

கொலோசியத்தையும் பாந்தியனையும் பார்த்துவிட்டு வருகிற பயணிக்கு, இந்தக் காபியும் அந்தக் கற்களோடு சேர்ந்த பழைய சமாசாரம் என்றே தோன்றும். வழிகாட்டிகளும் அப்படித்தான் பேசுவார்கள். உண்மையில் அந்த நுரைக்கு ஏறக்குறைய நம் சுதந்திரத்தின் வயதுதான். ஃப்ளோரியன் கடை திறந்த காலத்தில் வெனிஸ்காரர்கள் குடித்தது, துருக்கியரிடமிருந்து வந்த, கொதிக்கவைத்து இறக்கும் காபி.

கதை டூரின் நகரத்தில், 1884இல், ஒரு ஹோட்டல்காரரின் அவசரத்தில் தொடங்குகிறது. ஏஞ்சலோ மோரியோண்டோவுக்கு ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு ஹோட்டல், கடைவீதியில் ஒரு பார். கூட்டம் வந்தால் காபி இறங்கும்வரை எல்லோரும் காத்திருக்க வேண்டும். பாய்லரின் நீராவி அழுத்தத்தால் வெந்நீரைக் காபிப்பொடிக்குள் தள்ளும் பெரிய இயந்திரம் ஒன்றை அவர் உருவாக்கினார். அந்த ஆண்டு டூரினில் நடந்த பொருட்காட்சியில் வைத்தார், காப்புரிமையும் வாங்கினார். வெண்கலப் பதக்கம் கிடைத்தது. ஆனால் அதைச் செய்து ஊரெல்லாம் விற்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. தன் கடைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். அவர் பெயரும் நெடுங்காலம் மறைந்து கிடந்தது.

மோரியோண்டோவின் இயந்திரம் மொத்தமாகக் காபி இறக்குவது. ஆளுக்கு ஒரு கோப்பை, கேட்டவுடன் புதிதாக என்ற முறையைக் கொண்டுவந்தவர் மிலானைச் சேர்ந்த லூயிஜி பெட்ஸேரா. பொடியை அடைத்து இயந்திரத்தில் மாட்டுகிற கைப்பிடி வைத்த வடிகட்டி, அவர் 1901இல் கேட்ட காப்புரிமையில் இருக்கிறது. தன் தொழிலாளிகள் காபி குடிக்கப் போய்த் தாமதமாக வந்ததால்தான் இதைக் கண்டுபிடித்தார் என்றொரு கதையும் சொல்கிறார்கள். முதலாளிகளைப் பற்றிய கதை என்பதால் நம்பத்தான் தோன்றுகிறது. பெட்ஸேராவுக்கு விற்கத் தெரியவில்லை. அவரிடமிருந்து காப்புரிமையை வாங்கிய டெசிடேரியோ பவோனிக்குத் தெரிந்தது. ஆல்ப்ஸ் மலையைக் குடைந்த சிம்ப்ளான் ரயில் சுரங்கத்தைக் கொண்டாட 1906இல் மிலானில் நடந்த உலகக் கண்காட்சியில் இந்தக் காபி பொதுமக்கள் முன் வந்தது. ரயிலின் வேகம்தான் அப்போது நாகரிகத்தின் அடையாளம். 1922இல் லியோனெத்தோ காப்பியெல்லோ வரைந்த புகழ்பெற்ற விளம்பரத்தில், ஓடும் ரயிலிலிருந்து வெளியே சாய்ந்து ஒருவர் இயந்திரத்திலிருந்து காபி பிடிக்கிறார்.

இத்தனை இருந்தும் அந்தக் காபி கறுப்பாக, நுரையில்லாமல், சற்றுக் கருகிய கசப்போடுதான் இருந்தது. காரணம் நீராவி. பாய்லர் தரும் அழுத்தம் ஒன்றரை, இரண்டு ‘பார்’ (இது கடையல்ல, அழுத்தத்தின் அலகு) அளவுதான். அதைக் கூட்ட வேண்டுமானால் சூட்டையும் கூட்ட வேண்டும். சூடு கூடினால் பொடி தீய்ந்துவிடும். (நம்மூர்க் கல்யாண வரவேற்புகளில் புஸ்ஸென்று இரைந்து, பால்நுரைமேல் சாக்லேட் தூள் தூவித் தருகிற எஸ்பிரெஸோவுக்கும் நீராவிதான் மூலதனம். இத்தாலியர் ஒருவருக்கு அதைக் கொடுத்து முகத்தைப் பார்க்க எனக்கு ஆசை.)

நின்று குடிக்கும் பழக்கத்துக்குச் சுவையோடு பெரிய சம்பந்தமில்லை. அத்தியாவசியப் பொருட்களுக்கு உச்ச விலை விதிக்க 1911இல் ஒரு சட்டம் நகராட்சிகளுக்கு அதிகாரம் கொடுத்தது. மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறாத காபியும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. கவுன்ட்டர் காபி மலிவாகவே நிலைத்தது. கடைக்காரர்கள் லாபத்தை மேசையில் தேடினார்கள். இன்று ரசனை மரபு என்று பயணிகள் வியக்கும் காட்சியில் பாதி விலைக் கட்டுப்பாட்டின் வேலை.

பிறகு முசோலினி காலம். எத்தியோப்பியா மீது படையெடுத்ததற்காக 1935இல் இத்தாலிமீது பொருளாதாரத் தடை வந்தது. எல்லாம் உள்நாட்டுச் சரக்காக இருக்க வேண்டும் என்றது அரசு. காபியோ கப்பலில் வர வேண்டிய பொருள். பார்லியையும் சிக்கரியையும் வறுத்துச் சமாளித்தார்கள். அல்ஃபோன்சோ பியலெத்தியின் எட்டு மூலை அலுமினிய மோகா பாத்திரம் 1933இல் வந்துவிட்டது. வீட்டு அடுப்புக்கு அது. அதற்குத் தனிக்கதை உண்டு.

திருப்பம் மிலானில் பார் நடத்திய அச்சிலே காஜியாவிடமிருந்து வந்தது. நீராவியே வேண்டாம் என்று 1938இல் ஒரு காப்புரிமை எடுத்தார். உலகப் போர் முடிந்து, 1947இல் நெம்புகோல் இயந்திரத்துக்கு இன்னொன்று. கைப்பிடியைக் கீழே இழுத்தால் ஸ்பிரிங் சுருங்கும். வெந்நீர் உருளைக்குள் இறங்கும். கையை விட்டால் ஸ்பிரிங் விரிந்து, பிஸ்டன் அந்த நீரைப் பொடிக்குள் அழுத்தும். அழுத்தம் இப்போது எட்டு, ஒன்பது பார். தண்ணீர் கொதிக்க வேண்டிய அவசியமே இல்லை. உருளையில் கொள்ளும் நீர் கொஞ்சம் என்பதால் கோப்பையும் சிறுத்தது. கொட்டைக்குள் இருக்கும் எண்ணெயும் கரியமில வாயுவும் அந்த அழுத்தத்தில் கலந்து நுரையாக மேலே வந்தன.

வாடிக்கையாளர்கள் சந்தேகப்பட்டார்கள். காபிமேல் மிதக்கும் இந்த அழுக்கு என்ன என்று கேட்டார்கள். காஜியா அதையே விளம்பரமாக்கினார்: இது காபியின் இயற்கையான கிரீம் என்று எழுதி வைத்தார். என்னைக் கேட்டால் எஸ்பிரெஸோவின் பிறந்த ஆண்டு 1947தான். அதற்கு முன் நடந்ததெல்லாம் வேகமாகக் காபி போடும் முயற்சிகள். சுவை மாறியது இங்கேதான். 1961இல் ஃபாயெமா நிறுவனத்தின் இ61 இயந்திரம் மின்சாரப் பம்பைக் கொண்டுவந்து கைவலியையும் போக்கியது. அந்த ஆண்டு பிப்ரவரியில் இத்தாலியில் தெரிந்த சூரிய கிரகணத்தின் நினைவாக வைத்த பெயர் அது.

நேப்பிள்ஸ்காரர்கள் மட்டும் நெம்புகோலை இன்னும் முழுக்கக் கைவிடவில்லை. அங்கே காபியோடு தரும் தண்ணீரை முதலில் குடித்து வாயைச் சுத்தமாக்கிக்கொள்கிறார்கள். தனக்கு ஒன்று குடித்து, முகம் தெரியாத ஏழை ஒருவருக்காக இன்னொன்றுக்கும் காசு கட்டிவிட்டுப் போகும் வழக்கமும் அந்த ஊருடையது.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. காபி இத்தாலியின் பயிரல்ல. கொட்டை முழுக்க வெளியிலிருந்து வருகிறது. நம் நாட்டுக் காபியை அதிகம் வாங்கும் நாடு பல ஆண்டுகளாக இத்தாலிதான். நுரை திடமாக நிற்க ரொபஸ்டா உதவும் என்பதால் குடகிலும் வயநாட்டிலும் விளைவதற்கு அங்கே நல்ல கிராக்கி. ஊருக்குத் திரும்பும்போது சொந்தக்காரர்களுக்காக இத்தாலியக் காபிப் பொட்டலம் வாங்குகிறவர்கள், அது ஏற்கெனவே ஒருமுறை நம் பக்கமிருந்து கப்பலேறிப் போனதாகவும் இருக்கலாம் என்பதை யோசித்து வாங்குங்கள்.