மாலப்ராப் அம்மாளின் பெயர்

பள்ளி மாணவர்களுக்கான ஆங்கில இலக்கியக் கலைச்சொல் பட்டியல்களைப் பார்த்தால் பெரும்பாலான பெயர்கள் கிரேக்கத்திலிருந்தோ லத்தீனிலிருந்தோ வந்திருக்கும். மெட்டஃபர், ஆக்ஸிமோரான், அலிகரி என்று அணிநூலாரின் கைபட்ட சொற்கள். அவற்றுக்கு நடுவே நாடக மேடையிலிருந்து நேராக இறங்கி வந்த பெயர் ஒன்று உண்டு: மாலப்ராபிசம்.

ஒரு சொல்லைச் சொல்ல நினைத்து, ஓசையில் அதை ஒத்த வேறொரு சொல்லைச் சொல்லிவிடுவதுதான் மாலப்ராபிசம். ‘எங்கள் பெண்ணுக்கு விவாகம் நிச்சயமாகிவிட்டது’ என்று சொல்ல வேண்டியவர் ‘விவாதம் நிச்சயமாகிவிட்டது’ என்கிறார். சொன்னவருக்குத் தவறு தெரியவில்லை. கேட்டவருக்கோ இரண்டு சொற்களும் ஒரே நொடியில் காதில் விழுகின்றன. சிரிப்பு அங்கே பிறக்கிறது. சிலேடையிலும் இரண்டு பொருள் உண்டு என்றாலும் அங்கே பேசுபவருக்கே இரண்டும் தெரியும். மாலப்ராபிசத்தில் பாத்திரத்துக்குத் தெரியாது, ஆசிரியருக்குத் தெரியும். தேர்வில் இரண்டையும் குழப்பிக்கொள்ளும் மாணவர்கள் இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் போதும்.

பெயருக்கு உரியவள் மிஸஸ் மாலப்ராப். ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடன் எழுதிய ‘தி ரைவல்ஸ்’ நாடகத்தில் வரும் நடுவயது அம்மாள். 1775 ஜனவரி 17 அன்று லண்டன் கோவன்ட் கார்டன் அரங்கில் முதன்முறை மேடையேறியபோது ஷெரிடனுக்கு வயது 23. முதல் நாள் நாடகம் எடுபடவில்லை. நீளம் அதிகம், சிலர் வசனத்தைச் சரியாகப் பாடம் செய்யவில்லை, அயர்லாந்துக்காரராக நடித்தவர் மீது ஆப்பிள் வந்து விழுந்தது. ஷெரிடன் நாடகத்தைத் திரும்பப் பெற்று, வெட்டித் திருத்தி, அந்த நடிகரையும் மாற்றி, ஜனவரி 28 அன்று மறுபடி ஏற்றினார். அன்று வென்ற நாடகம் இன்றுவரை மேடையில் இருக்கிறது.

பெயரைப் பிரித்தால் பிரெஞ்சு வருகிறது. ‘மல் அ ப்ரொப்போ’ என்றால் பொருத்தமில்லாமல், இடம் தெரியாமல் என்று பொருள். ஆங்கிலேயர் இதை 17ஆம் நூற்றாண்டிலேயே ஒரே சொல்லாக ஒட்டித் தம் பேச்சில் சேர்த்துக்கொண்டார்கள். பிரெஞ்சுச் சொற்களை அள்ளித் தெளித்துப் பேசுவது மேட்டுக்குடியின் மோகமாக இருந்த காலம் அது. டிரைடனின் ‘மேரேஜ் ஆ லா மோட்’ நாடகத்தில் மெலாந்தா என்றொரு சீமாட்டி வருகிறாள். அன்றன்று பேச்சில் செருகப் புதிய பிரெஞ்சுச் சொற்களைப் பணிப்பெண்ணிடம் கேட்டு வாங்கிக்கொள்வதே அவள் வேலை. அப்படி இரவல் வந்த ஒரு சொல்லின் வாலை நறுக்கி ஷெரிடன் குடும்பப் பெயராக்கினார். பாத்திரத்தின் குணத்தைப் பெயரிலேயே எழுதிவிடுவது அந்தக் கால இன்பியல் நாடகத்தின் வழக்கம். இதே நாடகத்தில் கனவிலேயே வாடும் இளம்பெண்ணின் பெயர் லிடியா லாங்விஷ். மகன் தன் சொல்லை அப்படியே கேட்க வேண்டும் என்னும் தந்தையின் பெயர் சர் ஆந்தனி அப்சொல்யூட்.

இந்தப் பிழையை மேடைக்கு முதலில் கொண்டுவந்தவர் ஷெரிடன் அல்லர். ஷேக்ஸ்பியரின் ‘மச் அடோ அபவுட் நத்திங்’ நாடகத்தில் காவல்காரன் டாக்பெரி வாயைத் திறந்தாலே சொற்கள் இடம் மாறும். ஹென்றி ஃபீல்டிங் 1742இல் வெளியிட்ட ‘ஜோசஃப் ஆண்ட்ரூஸ்’ நாவலில் மிஸஸ் ஸ்லிப்ஸ்லாப் என்ற பணிப்பெண்ணும் இதே ரகம். டாக்பெரியின் பெயரால் ‘டாக்பெரியிசம்’ என்று ஒரு சொல் உண்டு. ‘ஸ்லிப்ஸ்லாப்’ என்பதும் சிறிது காலம் இத்தகைய பிழைக்குப் பொதுப்பெயராகவே வழங்கியது. ஆனாலும் 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் மாலப்ராப் என்ற பெயர் மற்ற இரண்டையும் பின்னுக்குத் தள்ளிவிட்டது. காரணம் பெயருக்குள்ளேயே இருப்பதாக நினைக்கிறேன். டாக்பெரி என்றால் ஒரு காட்டுச் செடியின் காய். பிழையைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. ஸ்லிப்ஸ்லாப் சேற்றில் நடக்கும் ஓசை. மாலப்ராபோ, நாடகத்தைப் பார்க்காதவருக்கும் என்ன தவறு நடந்தது என்று சொல்லிவிடுகிறது.

அந்த அம்மாள் தடுக்கி விழும் இடங்களைக் கவனித்தால் வேறொன்றும் தெரியும். தன் பொறுப்பில் வளரும் லிடியாவின் பிடிவாதத்தை நைல் நதிக்கரை முதலைக்கு ஒப்பிட நினைக்கிறாள். ‘அலிகேட்டர்’ வர வேண்டிய இடத்தில் ‘அலிகரி’ வந்துவிடுகிறது. அடைமொழி என்னும் பொருள்படும் ‘எபிதெட்’ வர வேண்டிய இடத்தில் கல்லறை வாசகத்தைக் குறிக்கும் ‘எபிடாஃப்’ வருகிறது. மாணவர் மனப்பாடம் செய்யும் அதே இலக்கியக் கலைச்சொற்களில்தான் அவள் கால் இடறுகிறது. பேச்சை அணிசெய்யத்தான் அவளுக்கு ஆசை. உவமை சொல்ல வேண்டும், அடைமொழி அடுக்க வேண்டும் என்று முயல்கிறாள். எளிமையாகப் பேசியிருந்தால் ஒரு பிழையும் நேர்ந்திராது.

ஒரு காட்சியில் சர் ஆந்தனியும் அவளும் பெண் கல்வி பற்றிப் பேசுகிறார்கள். பெண்களுக்கு எழுத்தறிவே கூடாது என்பது அவர் கட்சி. அவள் அவ்வளவு தூரம் போவதில்லை. கிரேக்கம், ஹீப்ரு, இயற்கணிதம் எல்லாம் பெண்ணுக்கு வேண்டாம் என்று ஒரு பட்டியல் போடுகிறாள். அதில் நியூட்டன் வகுத்த நுண்கணிதமும் இருக்கிறது, திருச்சபைப் பதவிகளை விலைக்கு விற்கும் குற்றத்துக்கான பெயரும் ஒரு பாடம்போல நுழைந்திருக்கிறது. கொஞ்சம் கணக்கு, அண்டை நாடுகளைப் பற்றிக் கொஞ்சம் அறிவு, சொற்களைத் தவறின்றிப் பயன்படுத்தும் பழக்கம், இவை போதும் என்கிறாள். அண்டை நாடு என்பதற்கு ‘கன்டிகுவஸ்’ என்ற சொல் வேண்டும். அவள் வாயில் வருவது ‘கன்டேஜியஸ்’, அதாவது தொற்றுநோய்போல ஒட்டிக்கொள்ளும் நாடுகள்.

இந்தக் ‘கன்டேஜியஸ்’ ஷெரிடனின் கற்பனையில் பிறந்ததன்று. அவருடைய தாயார் ஃபிரான்சஸ் ஷெரிடன் எழுதிய ‘எ ஜர்னி டு பாத்’ என்ற நாடகத்தில் மிஸஸ் டிரைஃபோர்ட் என்றொரு பாத்திரம் உண்டு. வணிகர் ஒருவரின் கைம்பெண். பாத் நகரத்து நாகரிகக் கூட்டத்தில் தானும் ஒருத்தியாகிவிடத் துடிப்பவள். பெயரிலேயே முயற்சி இருக்கிறது: அதற்காக முயல்பவள். அவளும் பெரிய சொற்களை இடம் மாற்றிப் போடுகிறாள்; அவளுக்கும் அண்டை நாடுகள் தொற்று நாடுகள்தாம். மகனின் நாடகம் நடப்பதும் அதே பாத் நகரத்தில்.

ஃபிரான்சஸின் வாழ்க்கையை அறிந்தவர்களுக்கு இந்த நகைச்சுவை வேறு விதமாகக் கேட்கும். அவர் 1724இல் டப்ளினில் பிறந்தவர். தந்தை பிலிப் சேம்பர்லேன் பாதிரியார். பெண் பிள்ளைக்கு எழுதத் தெரிந்தால் அது காதல் கடிதத்தில்தான் போய் முடியும் என்று நம்பிய அவர், மகளுக்கு எழுத்துக் கற்பிக்க மறுத்தார். அண்ணன்மார்தாம் தந்தைக்குத் தெரியாமல் அவருக்கு எழுதவும், பிறகு லத்தீனும் சொல்லிக்கொடுத்தார்கள். வீட்டுக் கணக்கு எழுதக் கிடைத்த தாளில் பதினைந்து வயதில் ஒரு காதற்கதை எழுதினார். பின்னாளில் அவர் எழுதிய ‘மெமாயர்ஸ் ஆஃப் மிஸ் சிட்னி பிடுல்ஃப்’ நாவல் 1761இல் வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. 1763இல் ‘தி டிஸ்கவரி’ நாடகம் டிரூரி லேன் அரங்கில் வெற்றிகரமாக நடந்தது. கணவர் தாமஸ் ஷெரிடன் நடிகர். ஆங்கிலச் சொற்களின் சரியான உச்சரிப்பைப் பற்றி ஊர் ஊராகச் சொற்பொழிவாற்றியவர். உச்சரிப்பு காட்டும் அகராதி ஒன்றை 1780இல் வெளியிட்டவர். சொல் சரியா தவறா என்பதே அன்றாடப் பேச்சாக இருந்திருக்கக்கூடிய வீடு அது.

‘எ ஜர்னி டு பாத்’ நாடகத்தை டிரூரி லேன் அரங்கை நடத்திவந்த டேவிட் காரிக் ஏற்கவில்லை. கடன் தொல்லையால் குடும்பம் பிரான்சுக்குப் போனது. 1766இல் ஃபிரான்சஸ் புளுவா நகரத்தில் காலமானார். ரிச்சர்டுக்கு அப்போது வயது 14. இங்கிலாந்தில் ஹாரோ பள்ளியில் தனியே விடப்பட்டிருந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, தாயின் கையெழுத்துப் படியிலிருந்த அந்த அம்மாளுக்கு மகன் புதிய பெயர் சூட்டி மேடையேற்றினார். தாயின் நாடகம் அச்சேறியது 1902இல்தான், அதுவும் மூன்று அங்கங்கள் மட்டும்.

கடன் வாங்கியதற்காக மகனைக் குறை சொல்வது என் நோக்கமன்று. அவர் கையில் அந்தப் பாத்திரம் வளர்ந்தது, கூர்மை பெற்றது. ஆனால் எழுத்து மறுக்கப்பட்டுத் திருட்டுத்தனமாகப் படித்த ஒரு பெண், படிப்புக்கு ஏங்கிப் பெரிய சொற்களைப் பற்றிக்கொள்ளும் இன்னொரு பெண்ணை எழுதியிருக்கிறார் என்பதை அறிந்தபின் டிரைஃபோர்ட் அம்மாளை வெறும் கேலிப் பொருளாக என்னால் பார்க்க முடியவில்லை. மகனின் நாடகத்திலும் அந்த வலி ஓரிடத்தில் எட்டிப் பார்க்கிறது. லிடியாவுக்கு வந்த காதல் கடிதம் மாலப்ராபின் கையில் சிக்குகிறது. பொருள் புரியாத கடினச் சொற்களால் தன் வெற்றுப் பேச்சை அலங்கரிப்பவள் என்று அவளைப் பழிக்கும் அந்தக் கடிதத்தை, அதை எழுதிய சர் ஆந்தனியின் மகன் ஜாக் அப்சொல்யூட்டே அவள் எதிரில் நின்று வாசிக்க நேர்கிறது. எழுதியவன் அவன்தான் என்று அவளுக்குத் தெரியாது. அடைமொழி கல்லறை வாசகமாக மாறுவது இந்தக் காட்சியில்தான்: அவமானப்பட்டுத் தன் மொழியைக் காத்துக்கொள்ள முற்படும் நேரத்தில். ‘தி ரைவல்ஸ்’ பாடமாக இருக்கும் வகுப்புகளில் மாலப்ராபிசத்துக்கு இலக்கணம் சொல்லும்போது ஃபிரான்சஸின் பெயரையும் சொல்ல வேண்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

பெயர் பின்னர் மொழியியலுக்குள்ளும் போனது. டேவிட் ஃபே, ஆன் கட்லர் என்ற இருவர் 1977இல் வெளியிட்ட கட்டுரையில், சரியான சொல்லை அறிந்தவர்களே வாய்தவறிச் சொல்லும் பிழைகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். பிழைச் சொல் கண்டபடி வந்து விழுவதில்லை. பெயர்ச்சொல்லின் இடத்தில் பெயர்ச்சொல்லே வருகிறது. அசைகளின் எண்ணிக்கையும் அழுத்தம் விழும் இடமும் பெரும்பாலும் மாறுவதில்லை. விவாகம், விவாதம் என்ற நம் இணையை மறுபடி பாருங்கள். மனம் சொற்களைப் பொருளால் மட்டும் அடுக்கி வைக்கவில்லை, ஓசையாலும் அடுக்கியிருக்கிறது என்பதற்கு இந்தப் பிழைகள் சான்று. அறியாமையால் வரும் பழைய வகையை இதிலிருந்து பிரித்துக்காட்ட ஆர்னால்ட் ஸ்விக்கி 1979இல் ‘கிளாசிக்கல் மாலப்ராபிசம்’ என்று பெயரிட்டார். மாலப்ராப் அம்மாளுடையவை இந்த வகை.

மெய்யியலாளர் டொனால்ட் டேவிட்சன் 1986இல் வெளியான ஒரு கட்டுரைக்கு, அவள் எபிடாஃப் என்று தடுமாறிய அந்தத் தொடரையே தலைப்பாக்கினார். அவர் எழுப்பும் கேள்வி எளிமையானது. அகராதி சொல்லும் பொருளில் அவள் பேசவே இல்லை. இருந்தும் அரங்கிலுள்ள எல்லோருக்கும் அவள் சொல்ல வந்தது புரிந்துவிடுகிறதே, எப்படி? முன்கூட்டி இருவரும் கற்று வைத்த விதிகள் மட்டும் பேச்சைப் புரியவைப்பதில்லை; கேட்பவர் அந்தந்த நொடியில் பேசுபவரின் போக்குக்குத் தம்மை மாற்றிக்கொள்கிறார் என்பது டேவிட்சனின் விடை. இதை ஏற்றால் மாலப்ராப் அம்மாள் பேச்சில் தோற்றவள் அல்லள். சொல் தவறியபோதும் தான் கருதியதை 250 ஆண்டுகளாக எல்லோருக்கும் புரியவைத்துக்கொண்டுதான் இருக்கிறாள்.